முன்பலகையைக் காலியாக விடுங்கள்

மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடத்திலிருந்து அது கடலில் விழும் இடம் வரை, இரு கரையிலும் தேடிப் பார்த்தாலும், பொறாமை என்றால் என்னவென்றே அறியாத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேயைப் பார்த்தேன் என்று சொல்கிறவன் எப்படிப்பட்டவன் என்பது முக்கியம். பொறாமைக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுத்தமானவன். இனி நான் சொல்லப்போவது ஒவ்வொன்றும் நடந்தது.

போன நவம்பர் மாதம். விஸ்கான்சின் பக்கத்து ஆற்றங்கரையில், கல்லூரிக்குப் பக்கத்தில், நானும் டானரும் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். டானர் என் அறைத்தோழன். இருவரும் ஒரே நாளில்தான் வாத்து வேட்டை வகுப்புக்குப் போனோம். ஒரே கடையில் உரிமம் வாங்கினோம். ஒரே மாதிரி மார்பளவு ரப்பர் உடை. ஒரே விலையில் ஓட்டைப் படகு, ஆளுக்கு ஒன்று. துப்பாக்கி மட்டும் என்னுடையது கொஞ்சம் நல்லது.

வீட்டில் பொதுவாக ஒரு உறைபெட்டி. மேல்தட்டு டானருக்கு, கீழ்த்தட்டு எனக்கு. சீசன் தொடங்கிய ஆறாவது வாரம் அவன் தட்டுக் கதவு மூட மறுத்தது. அவ்வளவு வாத்து. என் தட்டில் ஒரு பீட்சா இருந்தது. ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால், என் பீட்சாவுக்குப் பக்கத்தில் அவனுடைய இரண்டு வாத்துகள் குடிவந்திருந்தன.

"மேல இடமில்லடா வெஸ். உன் தட்டு சும்மாதான கெடக்கு?" என்றான்.

எனக்குப் பொறாமை வரவில்லை. அந்த இரண்டையும் வெளியே எடுத்து, எடை பார்த்து, கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று அமுக்கிப் பார்த்து, திரும்ப வைத்தேன். பொது அறிவுக்காக.

வாத்து வேட்டையில் சுடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை இடம் கண்டுபிடிப்பது. புதிதாக வருகிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அறிவியல் முறையில் இறங்கினேன். செல்போனில் வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தைப் பார்த்து, காட்டுக்குள் ஒளிந்திருந்த அழகான ஒரு நீலத் துண்டைத் தேர்ந்தெடுத்தேன். விடிவதற்கு முன்னால் போனால், அதே வரைபடத்தை வைத்திருந்த நாற்பது பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாத்து வந்தது. நாற்பது பேரும் சுட்டோம். வாத்து போய்விட்டது.

பிறகு பண்ணை வீடுகளில் கதவு தட்டினேன். அறுத்த சோளக் காட்டில் வாத்து இறங்கும், கேட்டால் விடுவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். முதல் வீட்டில் நாய் வந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு அம்மா கதவைத் திறந்து, "டானர்னு ஒரு பையன் போன வாரமே கேட்டுட்டுப் போய்ட்டானேப்பா. ரொம்ப மரியாதையான பையன். களத்துல விறகு கூட அடுக்கிக் குடுத்தான்" என்றார்.

மரியாதையான பையன்! வீட்டில் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி நான் பார்த்ததில்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான். கேட்பது. படகுத்துறையில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "எங்க கிடைச்சுது?" எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். "தண்ணியில." சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்கள். டானரிடமும் கேட்டேன். அவனும் அதையே சொன்னான். சொல்லும்போது முகம் கொஞ்சம் சிவந்தது. பதுக்குகிறவன் முகம் அப்படித்தான் சிவக்கும்.

படகுத்துறைக்கு எதிரே தூண்டில் புழு, தோட்டா, காப்பி மூன்றும் விற்கும் ஒரு கடை உண்டு. சீசனில் நாலு மணிக்கே திறந்துவிடுவார்கள். கல்லாவில் கிரெட்டா இருப்பாள். அவளும் வேட்டைக்காரிதான். என் வகுப்பில் படிக்கிறாள். என்னைப் பார்த்தால், "இன்னிக்கும் பீட்சாதானா?" என்பாள். டானரைப் பார்த்தால், "எத்தனை?" என்பாள். இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கவனித்தேன். கவனித்தேன், அவ்வளவுதான்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இருட்டில் எந்தத் தீவில் இறங்குவதாக இருந்தாலும், அங்கே ஒரு ஈ காக்கை இல்லை என்று தெரிந்தாலும், படகில் இருந்தபடியே சத்தமாகக் கேட்க வேண்டும். "இடம் இருக்கா?" கேட்டுவிட்டு ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பிறகுதான் காலை வைக்கலாம். திரும்பி வரும்போது படகின் முன்பலகையில், அதாவது மூக்குப் பக்கம் ஒருவர் உட்காரும் பலகையில், எதையும் வைக்கக் கூடாது. பை, துப்பாக்கி, வாத்து எல்லாம் நடுவில். முன்பலகை காலியாக வர வேண்டும்.

ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள்.

நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? கடையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "முன்பலகையில யாரு வந்து உக்காரப்போறாங்க? கவர்னரா? சேத்துக்கிட்ட அனுமதி கேட்டா, அது என்ன சொல்லும்? உள்ள வாங்க, காப்பி சாப்பிடுறீங்களான்னா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். கிரெட்டா சிரிக்கவில்லை. "காப்பிக்குக் காசு வெச்சுட்டுப் பேசு" என்றாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இது எல்லா ஊரிலும் இருப்பது, இதில் நான் சிரிக்கவில்லை. ஒரு இடத்தில் நீங்கள் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால், இருட்டில் வேறு படகு வரும்போது உங்கள் டார்ச்சை இரண்டு தரம் அடிக்க வேண்டும். 'இடம் போயாச்சு' என்று அர்த்தம். வருகிறவர் ஒரு தரம் அடித்துவிட்டுத் திரும்பிப் போவார். 'சரி' என்று அர்த்தம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆறு நாள் பழகியவன்கூட மீறமாட்டான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் டானர் ஆறு வாத்து கொண்டுவந்தான். அரசாங்கம் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஆறுதான் என்று சொல்லியிருக்கிறது. இல்லையென்றால் அவன் அறுபது கொண்டுவந்திருப்பான். மறுநாள் மத்தியானம் பரீட்சை என்று சொல்லி, சுத்தம் பண்ணும் வேலையை என் தலையில் கட்டினான்.

பச்சைத் தலை ஆண் வாத்து ஒன்றை அறுத்தேன். இரைப்பை கல் மாதிரி இருந்தது. கீறிப் பார்த்தேன். உள்ளே முழு முழு ஓக் மரக் கொட்டைகள். அடுத்ததிலும் அதுவே. ஆறிலும் அதுவே.

கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்து ஓடைகளில் எல்லாம் வில்லோ மரமும் கோரையும்தான். ஓக் மரங்கள் தண்ணீருக்குள் கால் வைத்து நிற்பது ஒரே ஒரு இடத்தில். துறையிலிருந்து வடக்கே, பெரிய திறந்த நீர்ப்பரப்பைத் தாண்டி, ஒரு சின்னத் தீவு. அவ்வளவு நல்ல இடம், ஆனால் அங்கே யாரும் போய் நான் பார்த்ததில்லை.

ஆக, இதுதானா டானரின் 'தண்ணி'?

கையைக் கழுவினேன். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். "நல்லாப் படிடா" என்றேன். மறுநாள் அவன் இடத்தில் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அவன் வரும்போது அவன் முகத்தில் இரண்டு தரம் டார்ச் அடிப்பது என்று முடிவு செய்தேன். பொறாமையால் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

காலை நாலே காலுக்குத் துறைக்கு வந்தேன். கடையில் விளக்கு எரிந்தது. சத்தமில்லாமல் படகை இறக்கிக்கொண்டிருந்தபோது கிரெட்டா வாசலுக்கு வந்தாள்.

"எங்க, இவ்வளவு சீக்கிரம்?"

"தண்ணியில."

"அட, தேறிட்டியே!" என்றாள். பிறகு, "பையை ஏன் முன்பலகையில வெக்கிற? திரும்பறப்பவும் அங்கதான் வெப்பியா?"

"கவர்னர் லீவு" என்றேன்.

அவள் பையை ஒரு தரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

காற்றே இல்லை. நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தன, நிலா இல்லை. தண்ணீரின் மேல் பால் ஏடு மாதிரி மெல்லிய பனி பிடித்திருந்தது. படகு போகப் போக அது சிலுசிலுவென்று உடைந்தது. தீவை அடைந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். அந்த ஓக் மரங்கள் இருட்டில் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

கேட்கவில்லை. நேராகக் காலை வைத்து இறங்கினேன்.

வாத்துகளை ஏமாற்றி இறக்கும் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டேன். படகைப் புதருக்குள் இழுத்து மறைத்தேன். தண்ணீருக்குள் நின்ற ஒரு அகலமான மரத்தில் தோளைச் சாய்த்து, முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டேன். சூரியன் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் சுடலாம். அதற்கு நிறைய நேரம் இருந்தது. குடுவையைத் திறந்து காப்பி குடித்தேன். அவ்வளவு இனிப்பான காப்பியை நான் குடித்ததில்லை. சர்க்கரை போட மறந்திருந்தேன்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மோட்டார் சத்தம். டானர் படகுதான். அதன் இருமல் எனக்குத் தெரியும். வெள்ளை வெளிச்சம் ஒன்று நீர்ப்பரப்பில் வந்தது. தீவை நோக்கித் திரும்புகிற மாதிரி இருந்தது.

டார்ச்சை எடுத்தேன். ஒன்று... இரண்டு.

வெள்ளை வெளிச்சம் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு ஒரே ஒரு தரம் அணைந்து எரிந்தது. 'சரி.' மோட்டார் இருமிக்கொண்டு கிழக்கே போய்விட்டது.

நான் சத்தமாகச் சிரித்தேன். மரங்களுக்குள் சிரிப்பு போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்ததும் எனக்கே பிடிக்கவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தேன்.

தூரத்தில், நீர்ப்பரப்பின் நடுவில். சின்னதாக. பயப்பட ஒன்றும் இல்லை. இருட்டில் படகுகளுக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. வகுப்பில் படித்ததுதான். பச்சை மட்டும் தெரிந்தால், படகு நமக்குக் குறுக்கே போகிறது, இடமிருந்து வலமாக. நம்மை நோக்கி வந்தால் இரண்டும் தெரிய வேண்டும்.

பச்சை மட்டும்தான் தெரிந்தது. எனவே குறுக்கே போகிறது. காப்பியை மூடினேன். மறுபடி பார்த்தேன்.

குறுக்கே போகவில்லை. அதே இடம். கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

மோட்டார் சத்தம் இல்லை. துடுப்புச் சத்தமும் இல்லை. அந்த மாதிரி அமைதியில் அரை மைலுக்கு அப்பால் ஒருவன் தும்மினால்கூடக் கேட்கும். காதைக் கொடுத்துக் கேட்டேன். பனி ஏடு உடையும் சத்தம் மட்டும் வந்தது. படகு உடைக்கிற மாதிரி ஒரே சீராக இல்லை.

சிலுக்... நிறுத்தம். சிலுக்... நிறுத்தம்.

நடக்கிற மாதிரி.

அங்கே ஆழம் என் நெஞ்சுக்கு மேலே. எனக்குத் தெரியும். துடுப்பை விட்டுப் பார்த்துத்தான் வந்திருந்தேன்.

டார்ச்சை எடுத்து இரண்டு தரம் அடித்தேன். ஒன்று... இரண்டு.

பச்சை நின்றது.

பதில் வரவில்லை. ஒரு தரம் அடிக்க வேண்டும். யாராக இருந்தாலும் அடிக்க வேண்டும். அதுதானே வழக்கம்? காத்திருந்தேன். அது அப்படியே நின்றது. தண்ணீரிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றது. படகு விளக்கு தண்ணீரை ஒட்டி இருக்கும். இது... ஒரு ஆள் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் எவ்வளவு உயரம் வருமோ, அவ்வளவு.

"யாரு?" என்றேன்.

சிலுக்.

"இடம் போயாச்சு! வேற பக்கம் போங்க!"

சிலுக்... சிலுக்...

இப்போது இன்னொரு சத்தமும் சேர்ந்து வந்தது. விறைத்த துணியை மடக்கும் சத்தம். குளிர்காலத்தில் வெளியே காயப்போட்ட ஜீன்ஸை மறந்துவிட்டு, மறுநாள் எடுத்து மடக்கினால் வருமே... அந்தச் சத்தம்.

கரக்... கரக்...

மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

என் பொம்மை வாத்துகளைப் பார்த்தேன். காற்று இல்லை, ஆனால் அவை நகர்ந்தன. நடுவில் வழி விட்டன. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

பச்சை அணைந்தது.

இருட்டு.

நான் மூச்சு விடவில்லை. சத்தமும் இல்லை. போய்விட்டது, போய்விட்டது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அப்போது என் வலது காதுக்குப் பக்கத்தில்... ரொம்பப் பக்கத்தில்... பல் கிட்டிப்போன ஒரு குரல்...

"இடம்... இருக்கா?"

இப்போது சொல்லப்போவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

வாய் திறக்கவில்லை. ஆனால் கை...

என் கை டார்ச்சைத் தூக்கியது.

ஒன்று...

இரண்டு.

அந்த நேரத்திலும்... இடத்தை விட என் கைக்கு மனம் வரவில்லை.

அடித்து முடித்ததும், என் முன்னால் தண்ணீர் பச்சையாகியது. பொம்மை வாத்துகளின் முதுகு பச்சையாகியது. தண்ணீரின் மேல் என் நிழல் விழுந்தது, எனக்கு முன்னால்.

வெளிச்சம் என் பின்னாலிருந்து வந்தது.

திரும்பவில்லை.

வாத்துகள் வந்தன. நிஜ வாத்துகள். நூறு இருக்கும். அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் சொய்ங் என்று இறங்கி, என் கால் பக்கத்தில் ஓக் கொட்டை தின்றன. சீசன் முழுக்க நான் வேண்டிக்கொண்ட காட்சி. துப்பாக்கி தோளில் தொங்கியது. நான் அதைத் தொடவே இல்லை.

பின்னால் யாரோ நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கரக்...

கரக்...

கரக்...

வானம் எப்போது வெளுத்தது என்று தெரியவில்லை. தூரத்தில் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, மணி ஆறு இருபத்தைந்து ஆகியிருக்க வேண்டும். வாத்துகள் ஒரே நேரத்தில் எழுந்தன. என் நிழல் காணாமல் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஆனால் பனி ஏடு இருந்தது. ராத்திரி முழுக்கக் கெட்டியாகி, பொம்மைகள் மிதந்த இடம் தவிர, தீவைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி பிடித்திருந்தது. அதில் இரண்டு கோடுகள் உடைந்திருந்தன. ஒன்று என் படகு வந்த வழி. இன்னொன்று நீர்ப்பரப்பின் நடுவிலிருந்து நேராக வந்து, நான் நின்ற மரத்தைச் சுற்றி, எனக்குப் பின்னால் முடிந்தது.

வந்த வழி மட்டும்தான். போன வழி இல்லை.

பொம்மை வாத்துகளை விட்டேன். பையை விட்டேன். காப்பிக் குடுவையை விட்டேன். படகைத் தள்ளிக் குதித்து ஏறி மோட்டாரைக் கிளப்பினேன். படகு முன்பக்கம் தாழ்ந்து, மூக்கால் தண்ணீரை உழுதுகொண்டு போனது. மோட்டார் திணறியது. கால் மணி நேர வழிக்கு ஒரு மணி நேரம் ஆனது. சேறு ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். காலையில் இரண்டு மடங்கு சாமானோடு வந்தபோது அது அப்படித் திணறவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் முன்னால் பார்க்கவே இல்லை. மோட்டாரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் டானர் பரீட்சை முடிந்து வந்தான். கையில் காலையில் சுட்ட ஆறு வாத்து. உறைபெட்டியைத் திறந்து, என் தட்டில் இன்னும் கொஞ்சம் இடத்தை ஆக்கிரமித்துக்கொண்டே கேட்டான்.

"காலையில ஓக் தீவுல இருந்தது நீதான? உன் டார்ச் மஞ்சக் கண்ணு மாதிரி அடிச்சுது."

"ஆமாடா. உன் இடத்தைப் புடிச்சுட்டேன். கோவமா?"

"என் இடமா?" திரும்பிப் பார்த்தான். முகம் சிவந்தது. "டேய்... சிரிக்கமாட்டேன்னு சொல்லு."

"சொல்லு."

"என் இடம் ஊர்ச் சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி விடுவாங்கல்ல... அந்த வாய்க்கால் வாய். அங்க பனி புடிக்காது. வாத்தெல்லாம் அங்கதான் வந்து தூங்கும். யார்கிட்ட சொல்றது இதை?"

"அப்போ ஓக் கொட்டை?"

"தீவுல தின்னுட்டு எங்கிட்ட வரும். நீ அது எங்க சாப்பிடுதுன்னு பாத்திருக்க. எங்க படுக்குதுன்னு பாக்கல. அந்தத் தீவுக்கெல்லாம் நான் போகமாட்டேம்பா. கிரெட்டா வேணாம்னு சொல்லியிருக்கா."

அவனிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அந்த நிலைமையிலும் இதுதான் எனக்கு முதலில் பட்டது.

டானர் கதவை முழங்காலால் அமுக்கி மூடினான்.

"ஆமா, கூட வந்தவரு யாரு?"

"எங்க?"

"உன் படகுலதான். எனக்கு ஆறும் சட்டுனு கிடைச்சுது, துறையில படகை வண்டியில ஏத்திக்கிட்டிருந்தேன். நீ வந்து சேந்த. முன்பலகையில ஒருத்தர் உக்காந்திருந்தாரே. பழைய காக்கிக் கோட்டு. முதுகு பூரா வெள்ளையா பனி. நான் கை காட்டுனேன், நீ என்னைப் பாக்காம வண்டிக்கு ஓடிட்ட. அந்தாளு மெதுவா எறங்குனாரு. கிட்டப் போய்ப் பேசலாம்னு பாத்தா, காணோம். உன் வண்டிலதான் ஏறிட்டாருன்னு நெனச்சேன்."

அன்று ராத்திரி வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன.

மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலில், கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் கிரெட்டாவிடம் சொன்னேன். பச்சை என்று சொன்னதும் அவள் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்க அப்பாவோட தாத்தா கதை அது" என்றாள். "எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நவம்பர்ல திடீர்னு புயல். தாத்தா அந்தத் தீவுல நெருப்பு மூட்டி உக்காந்திருந்தாரு. பொழச்சுட்டாரு. அவரோட கூட்டாளி ஒருத்தர், ரயில்வேல சிக்னல் வேலை. அந்த சீசன் பூரா அவருக்குத்தான் வாத்து. தாத்தாவுக்கு ஒண்ணும் இல்ல. அந்தாளு படகு கவுந்து, தண்ணிக்குள்ள நடந்தே வந்திருக்காரு. மறுநாள் பாத்தா தீவுக்குப் பக்கத்துல, கல்லெறியற தூரத்துல, நின்னபடியே உறைஞ்சு போயிருந்தாராம். ஒரு கை மேல தூக்கியிருந்துச்சு. கையில ஒண்ணும் இல்ல. எதைத் தூக்கிப் புடிச்சாருன்னு யாருக்கும் தெரியல."

"உங்க தாத்தா பாக்கலையா?"

"ஷெரீஃபும் அதைத்தான் கேட்டாரு. தாத்தா சாகுற வரைக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னாரு." கிரெட்டா என்னைப் பார்த்தாள். "'அந்தப் பச்சை விளக்கை நான் பாக்கவே இல்ல.'"

அவள் கோப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

"அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஆரம்பிச்ச வழக்கம் இது. எறங்கறதுக்கு முன்னாடி கேக்கணும். திரும்பறப்ப அவருக்கு ஒரு இடம் விட்டுட்டு வரணும். கரை சேத்துடணும். துறையில எல்லாரும் அதைப் புடிச்சுக்கிட்டாங்க. எங்க படகுல எண்பது வருஷமா முன்பலகை காலியா வருது, வெஸ். அப்பா, பெரியப்பா, நான்... ஒருநாளும் ஏறல." கோப்பையைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கோப்பைதான். "உன் படகுல ஏறியிருக்காரு. கேக்காம எறங்குன உன் படகுல."

அவள் குரலில் என்னமோ இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த சரக்கு. ஆறு வாரம் உறைபெட்டிக்கு முன்னால் நின்று பழகியவன் அல்லவா?

"ஒருவேளை அன்னிக்கி எறங்கிப் போய்ட்டாரோ என்னமோ" என்றேன். "முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாமா?"

"எறங்குனாரு, சரி" என்றாள் கிரெட்டா. "எங்க போனாரு?"

இந்த வருடமும் சீசன் தொடங்கிவிட்டது. டானர் பெரிய மனது பண்ணி என்னைச் சாக்கடை வாய்க்காலுக்குக் கூட்டிப்போகிறான். கீழ்த்தட்டில் இப்போது நாலு வாத்து இருக்கிறது. அவன் தட்டில் எத்தனை என்று நான் எண்ணவில்லை. பதினேழு.

இருட்டில் வாய்க்கால் கரைக்கு வந்ததும் டானர் முதலில் இறங்குவான். சாமானை எடுத்துக்கொண்டு கோரைக்குள் போவான். அவன் முதுகு மறையும் வரை நான் படகிலேயே ஏதாவது தேடுகிற மாதிரி இருப்பேன். பிறகு, தொண்டையைச் செருமுகிற சாக்கில், உதடு மட்டும் அசைய, ஒரு வார்த்தை கேட்பேன். ஒரு மூச்சு பொறுப்பேன். இறங்குவேன்.

திரும்பும்போது பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். நனைந்த பை. தொடை விறைத்துப்போகிறது.

"ஏண்டா, முன்னாடிதான் அவ்வளவு இடம் இருக்கே?" என்பான் டானர்.

"இருக்கட்டும்" என்பேன்.